தாவணிக்கு அடியில் பிடித்த விரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டாக்டர் வீட்டு வராந்தாவில் கிடைத்தது. போன ஆடி மாதம், சாரல் விடாத ஒரு காலை. முழங்கால் வீக்கத்துக்கு மருந்து வாங்க நல்லேப்பிள்ளியிலிருந்து பாலக்காட்டுச் சித்தூர் போயிருந்தேன். எதிர்ப் பெஞ்சில் பதினாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் குடித்துவிட்டு, சிறுநீர் வந்ததும் ஒரு சின்னக் குப்பியில் பிடித்துத் தரவேண்டும், சோதனைக்கு. நான் வந்தபோது சொம்பு நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய்த் திரும்பிய பிறகும் நிறைந்தே இருந்தது.

நான் கண்ணால் பார்த்தது இதுவும், அன்று அந்த வராந்தாவில் நடந்த இன்னும் கொஞ்சமும்தான். மற்றதில் பெரும்பகுதி அவளுடைய அப்பா சொன்னது. கொஞ்சம் அம்மா சொன்னது. அவள் சொன்னது மிகக் குறைவு. மீதி என் கற்பனை. எது எந்தக் கணக்கில் வருகிறது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாக நான் அப்படிச் சொல்வதில்லை. வாரப் பத்திரிகையில் என் குடும்பக் கதைகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மாமியார் மனம் மாறுவாள். கோபித்துக்கொண்டு போனவன் மழையில் நனைந்தபடி திரும்பி வருவான். அவன் பஸ்ஸில் வந்தானா நடந்து வந்தானா என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சலுகையை இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணுக்குத் தெய்வானை என்று பெயர் வைக்கிறேன். மருந்து கொடுப்பவள் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தெய்வானை சன்னலோரம் நின்று வேலந்தாவளம் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. அவளுடைய மனசில் என்னவோ ஒரு"

இங்கேயே பேனாவை மூடிவிட்டேன். அடுத்து வரவேண்டிய சொல் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிரச்சினை என்னவென்றால், அவளுடைய அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

அம்மாவை மாராத்தாள் என்போம். மருந்து கொடுப்பவள் என்னைக் காட்டி, "இவங்க தொடர்கதை எழுதறவங்க" என்று சொல்லிவைத்தாள். உடனே மாராத்தாள் தன் இடத்தை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா அது? எங்கூட்டுக்குப் பக்கத்துல தையக்காரர் பொண்ணு புஸ்தகம் வாங்குதுங்க. ஒரு வாரம் உடாம படிக்கச் சொல்லிக் கேப்பனுங்க."

"சந்தோசமுங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "பொட்டப்புள்ள சரியாத் திங்கறதில்ல. தண்ணியே குடிக்கறதில்ல. ஸ்கூல் உட்டு வந்ததும் பையக் கடாசிப்போட்டுப் பொடக்காளிக்கு ஓடறா. கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. இது என்னங்க?"

"ஒடம்பு சரியில்லீங்க. அதுக்குத்தானுங்களே கூட்டிட்டு வந்திருக்கறீங்க."

"காச்சல் இப்பத்தானுங்க. தண்ணி அதுக்கு முன்னாலயே நின்னுபோச்சு. எவனையோ நெனச்சுட்டு இருக்கறா. நீங்களே எழுதியிருக்கறீங்களே, அந்தத் தபால்காரர் பொண்ணு கதையில."

எழுதித்தான் இருக்கிறேன்.*

"எந்தப் பையன்னு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

"இன்னும் ஆரும் சொல்லலீங்க. சொல்ற வரைக்கும் எதுக்குங்க காத்துட்டு இருக்கோணும்? ஆவணி பொறந்ததும் படிப்ப நிறுத்திப்போட்டு, பொள்ளாச்சிப் பக்கம் என்ற அண்ணன் மவனுக்குப் பேசிரலாம்னு இருக்கறனுங்க."

* என் கதாநாயகிகள் தண்ணீர் குடிக்காவிட்டால் அது காதல். தலை சுற்றி விழுந்தால் அது கல்யாணத்துக்குப் பிறகான நல்ல செய்தி. இத்தனை வருஷத்தில் சிறுநீர் என்ற சொல்லை நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. என் கதைகளில் எந்தப் பெண்ணும் பொடக்காளிக்கு, அதாவது கொல்லைப்புறத்து மறைவுக்கு, போனதே கிடையாது.

3

இரண்டாவது தொடக்கத்தை அப்பாவிடமிருந்து ஆரம்பித்தேன். அவர் இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. காளிச்சாமி, மாட்டுத் தரகர். தோளில் எப்போதும் ஒரு பெரிய துண்டு. வேலந்தாவளம் சந்தையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை என்று அவரே சொன்னார்.

சந்தைக்குப் போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் துண்டை விரித்துக் கையின்மேல் போடுவார். அதற்குள் வாங்குபவர் கையை நீட்டுவார். எந்த விரலைப் பிடித்தார், எத்தனை விரலைப் பிடித்தார், எந்த ரேகையில் அழுத்தினார் என்பதுதான் பேச்சு. சுற்றி நூறு பேர் நின்றாலும் கேட்பது ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆண்கள் கையைக் கோத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பதுபோல இருக்கும்.

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வாயாலேயே தருகிறேன்.

"கேளுங்கம்மிணி இந்தக் கூத்த. ஆனி மாசம், இவ சோத்துப் போசிய மறந்துட்டுப் போயிட்டா. சந்தைக்குப் போற வழிதானேன்னு நானே கொண்டுபோனனுங்க. இன்டர்வல் உட்டிருந்தாங்க. ஸ்கூலுக்குப் பின்னால பனங்காடு, அங்க ஆறேழு புள்ளைங்க வட்டமா நிக்கிறாங்க. நடுவுல என்ற புள்ள. ஒருத்தி தாவணிய இவ கையி மேல போத்தி உள்ள வெரலப் புடிக்கறா. இன்னொருத்தி பல்லப் பாக்கறா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அட, நம்ம தொழிலு."

"வெளையாடறாங்களா?"

"ஆமாங்க. நம்ம தொழில இந்தக் காலத்துல ஆரு மதிக்கறாங்க? மில்லுக்காரர் புள்ள, வாத்தியார் புள்ள, அல்லாரும் அதத்தான் வெளையாடறாங்க. ஆனாப் புடிக்கற லட்சணம் இருக்குதே, துணிக்கு மேலயே தெரியுதுங்க, எனக்குப் பொறுக்கல. 'அப்படியில்ல கண்ணு, நடு ரேகையத் தொட்டா அரை, முழு வெரலயும் சேத்துப் புடிச்சாத்தான் நூறு'ன்னு என்ற துண்டப் போட்டு, இவ கையவே புடிச்சு அல்லாருக்கும் காட்டிக் குடுத்தனுங்க. மில்லுக்காரர் புள்ள கெட்டி. ஒரு தடவைல புடிச்சுக்கிட்டா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதிரே தெய்வானை சொம்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் டீ குடிக்க ரோட்டுக்குப் போனார். மாராத்தாள் மருந்துக்காரியிடம் ஏதோ கேட்க எழுந்தாள். நான் சும்மா இருக்கமாட்டாமல், "குடி கண்ணு, ஆறின தண்ணிதானே" என்றேன்.

"குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க."

"அதுக்குத்தானே குடுத்திருக்காங்க."

"இங்க வருமுங்க. அப்பறம் அதே பழக்கமாயிப்போச்சுன்னா, ஸ்கூல்லயும் வருமுங்க."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்கய்யனுக்கு அந்தப் பனங்காட்டு வெளையாட்டு என்னன்னு தெரியாதுங்க. நீங்க சொல்லிராதீங்க."

எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்றும் சொல்வார்கள். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

4

இதுவரை எழுதியதை என் மகளிடம் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். அந்த வயதுப் பெண்களைப் பற்றி எழுதும்போது அவளிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். தாவணிக்கு இப்போது என்ன கலர் பிடிக்கும் என்கிற மாதிரிக் கேள்விகள்தான் அதுவரை.

"அந்தப் புள்ள ஏன் கண்ணு ஒண்ணுக்குத் தனியாப் போகல?" என்று நான் கேட்டேன். "மத்தவங்க போய் வந்த பின்னால போயிருக்கலாமே."

"தனியா எப்படிம்மா போறது? பனங்காட்டுல ஒருத்தி உக்காந்தா ஒருத்தி காவலுக்கு நிக்கோணும். ஆம்பளைங்க பனையேற வருவாங்க. தொணைக்கு யாரும் வரலீன்னா போகவே முடியாது."

"உங்க ஸ்கூல்ல கக்கூஸ் இருக்குதுல்ல?"

"இருக்குது. டீச்சருங்களுக்கு. பூட்டுச் சாவி ஆபீஸ்ல."

அந்தப் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான் என்றால், தெய்வானைக்கு இரண்டே வழி. அவர்களோடு போனால் விளையாட்டு. போகாவிட்டால் காவலுக்கு ஆளில்லை.

விளையாட்டு என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிடப் போனேன், மகள்தான் தடுத்தாள். "அடிச்சுறாதீங்கம்மா. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. டீச்சர் கேட்டா வெளையாட்டுன்னுதான் சொல்லுவாங்க. டீச்சருக்கும் அப்படித்தான் தெரியும். கையப் புடிச்சுட்டு, தாவணியப் போத்திட்டுச் சிரிச்சுட்டு நிக்கறாங்க. பாத்தா அவ்வளவு சிநேகமா இருக்கும்."

இனி வருவது கற்பனை. ஆனாலும் மகள் படித்துப் பார்த்துத் திருத்தியது.

மில்லுக்காரர் மகளுக்கு ராமலட்சுமி என்று பெயர்.

"வா புள்ள, இன்னிக்குச் சந்தை. பல்லக் காட்டு."

"உடு ராமலட்சுமி. எனக்கு அவசரம்."

"அவசரக்காரி மாட்ட ஆரு வாங்குவா? நிதானமா நிக்கோணும். ஏ, இன்னும் கடப்பல்லு மொளைக்கல பாரு. கன்னுக்குட்டிதான்."

"சடைய நீக்கிச் சுழி பாருடி."

"ஐயோ, பாடைச்சுழி. இது போற ஊடு வெளங்காது. வெலையக் கொறை."

தாவணிக்குள் விரலை நசுக்குவார்கள். வலித்தாலும் கையை இழுக்கக்கூடாது. இழுத்தால் வியாபாரம் முறிந்தது என்று எல்லாரும் ஓடிவிடுவார்கள். அவள் பனங்காட்டில் தனியாக நிற்கவேண்டும். கைகொடுத்து நின்றால் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், போனால் போகிறதென்று ஒருத்தி காவலுக்கு நிற்பாள்.

ஐயன் வந்து போன மறுநாள் ராமலட்சுமி சொல்லியிருக்கக்கூடியது: "இன்னிக்கு என்ன புதுசா வெக்கம்? உங்கய்யனே உன்ற கையப் புடிச்சு வெல சொல்லிட்டுப் போனாரு."

[இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய் அரிசி களைந்தேன். அன்றைக்கு மேற்கொண்டு எழுதவில்லை.]

அன்றிலிருந்து தெய்வானை கையும் கொடுக்கவில்லை, பனங்காட்டுக்கும் போகவில்லை. தண்ணீரை நிறுத்தினாள்.

5

ராமலட்சுமியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அவளுக்கு ஒரு சித்தியைக் கொடுத்தேன். வீட்டில் கொடுமை, அதனால் வெளியில் கொடுமை. நான்கு பக்கம் வேகமாக வந்தது. படித்துப் பார்த்தபோது சித்தி என் பழைய தொடர்கதை ஒன்றிலிருந்து நடந்து வந்தவள் என்று தெரிந்தது. நீக்கினேன். பிறகு மில்லுக்காரரைக் காளிச்சாமி ஒரு மாட்டு வியாபாரத்தில் ஏமாற்றியதாக வைத்தேன். அதையும் நீக்கினேன். காளிச்சாமியைத் திருடனாக்க எனக்கு உரிமை கிடையாது. எனக்கு டீ வாங்கித் தர முன்வந்தவர் அவர்.

கடைசியில் எஞ்சிய ராமலட்சுமி நன்றாகப் படிக்கிறவள், காலையில் பிரார்த்தனைப் பாட்டுக்கு முதல் குரல் எடுப்பவள், வீட்டில் செல்லம். அவளிடம் காரணம் கேட்டால், "சும்மாத்தானுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு காரணம் அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். என் மகள் ஒப்புக்கொண்டாள். எனக்குத்தான் அது ஒரு கதாபாத்திரமாகவே தோன்றவில்லை.

6

உடம்பைப் பற்றி எழுதவேண்டிய பகுதி. இதை நான் டாக்டரிடம் பிறகு என் முழங்காலைச் சாக்கிட்டுப் போனபோது பொதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

காலையில் எழுந்ததும் காப்பி வேண்டாமென்பாள். சோற்றுக்குக் குழம்பு குறைவாகப் போட்டுக்கொள்வாள். மதியம் சோறு தின்றால் தாகம் எடுக்கிறது, ஆகவே சோற்றையும் குறைப்பாள். டிரில் பீரியடில் வெயிலில் கண் இருட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொடக்காளிக்கு ஓடினால், காலையிலிருந்து அடக்கியது சொட்டுச்சொட்டாக, எரிந்துகொண்டு வரும். மாராத்தாள் அதைச் சூடு என்று நினைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். வெந்தயம் கொடுத்தாள். தெய்வானை வெந்தயத்தை மென்றாள், அதற்குக் கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. பிறகு விலாவுக்குக் கீழே முதுகில் வலி, உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் ஜுரம்.

ஒரு முறை மாத்திரையில் சரியாகி, பள்ளிக்கூடம் போனதும் திரும்பி வந்திருக்கிறது. நான் பார்த்தது அந்த மறுமுறை. டாக்டர் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்தவர். அவருடைய பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இருக்காது. அன்று காலை வராந்தாவுக்கு வந்து அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏண்டி கொழந்தே, மறுபடியும் வந்துட்டியா? நான் அப்பவே சொன்னேனோல்லியோ, நன்னா ஜலம் குடிக்கணும், வந்தா அடக்கப்படாதுன்னு. மாத்திரை நான் தருவேன், ஜலம் நீதானே குடிக்கணும், கேட்டியா. இதை இப்படியே விட்டா மேல ஏறிக் கிட்னியில போய் உக்காந்துக்கும். அங்கே வடு விழுந்தா அப்புறம் நான் ஒண்ணும் பண்ணமுடியாது."

தெய்வானை தலையை ஆட்டினாள். சொம்பை வாய் வரைக்கும் கொண்டுபோனாள். டாக்டர் உள்ளே போனதும் இறக்கிவிட்டாள்.

7

இப்போது முடிவு.

என் பத்திரிகைக்குப் பிடிக்கக்கூடிய முடிவு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். டீச்சருக்கு உண்மை தெரிகிறது. வகுப்பின் முன்னால் ராமலட்சுமி தெய்வானையின் கையைப் பிடித்து அழுகிறாள். இதைப் படித்த என் மகள், "அதுக்கு மறுநாளு என்னாகும்?" என்று கேட்டாள். மறுநாளை நான் யோசித்திருக்கவில்லை.

மாராத்தாளின் முடிவும் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆவணியில் படிப்பு நிற்கிறது. பொள்ளாச்சி அத்தை மகன் நல்லவன் [மாமன் மகன், முறையையே மாற்றி எழுதிவிட்டேன், அவ்வளவு அவசரம்]. அந்த வீட்டில் கிணற்றடியில் ஓலைத் தடுப்பு வைத்த மறைவிடம் இருக்கிறது. தெய்வானை தாகம் தீரத் தண்ணீர் குடிக்கிறாள். உடம்பு தேறுகிறது. "பாத்தீங்களா, நாஞ் சொன்னனே" என்கிறாள் மாராத்தாள், தன் கணிப்பு சரியாகிவிட்டது என்று. கணக்கு வாத்தியார் மட்டும் கொஞ்ச நாள் கேட்கிறார், நன்றாகக் கணக்குப் போடும் அந்தப் பெண் எங்கே என்று. இது நடக்காத கதை என்று யாரும் சொல்லமுடியாது. எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது.

ஆபீஸில் இருக்கும் கக்கூஸ் சாவியைப் பெண்களிடமே கொடுத்துவிடும் முடிவையும் எழுதினேன். அரைப் பக்கத்தில் அது ஹெட்மாஸ்டருக்கு எழுதிய விண்ணப்பமாகிவிட்டது. அதைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இவை எதிலும் தெய்வானை பேசவேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா முடிவிலும் அவளை வாயடைத்தே உட்காரவைத்திருக்கிறேன். அவள் டாக்டரிடம் சொன்னால்தான் டாக்டரால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுத முடியும், மாராத்தாளின் சந்தேகத்தைத் தீர்க்க முடியும். சொன்னால் அது ஐயன் காதுக்குப் போகும். பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற அந்தக் கூத்து என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன் துண்டைப் போட்டு, தன் மகளின் கையைப் பிடித்து, எதைக் கற்றுக்கொடுத்தார் என்று புரிந்துவிடும்.

8

அன்று கடைசியாக நடந்தது. இதில் கற்பனை இல்லை.

டாக்டர் மீண்டும் வெளியே வந்தார். இம்முறை அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்.

"சரி, குடிக்கவேண்டாம். உள்ளே வா, பேசிண்டிருப்போம்."

மாராத்தாளும் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்த காளிச்சாமியும் ஒன்றாக எழுந்தார்கள்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும்," என்றார் டாக்டர். மாராத்தாள் உட்கார்ந்தாள். பிறகு பெண்ணிடம், "அப்பா?"

காளிச்சாமி உடனே, "நான் வெளிய இருக்கறனுங்க, பொம்பளைங்க பேச்சு," என்று பின்வாங்கினார்.

"உன்னைத்தான் கேக்கறேன்," என்றார் டாக்டர். "அப்பா வரட்டுமா, வேண்டாமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரை அல்ல, ஐயனை.

"ஐயனும் வரட்டுங்க," என்றாள்.

கதவு சாத்தியாயிற்று.

எத்தனையோ வாரமாக இந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டிருக்கலாம். அவர் பக்கத்தில் இருந்தால் சொல்லவேண்டியிராது, டாக்டர் எவ்வளவு கேட்டாலும் வார்த்தை வராது, தப்பித்துக்கொள்ளலாம் என்றும் கூப்பிட்டிருக்கலாம். குரலில் வித்தியாசம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் சொன்னாள், சந்தைக்கு நீயும் வா என்பதுபோல.

அடுத்து என் முறை. இருந்திருந்தால் அவர்கள் வெளியே வரும்போது தெரிந்திருக்கும். நான் முழங்காலைக் காட்டாமலே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். அவர் முகத்தை நான் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது என்று தோன்றியது.

ஆகவே மீதியை நீங்கள் எழுதுங்கள். அவள் சொன்னாளா, சொல்லவில்லையா, பொள்ளாச்சிக்குப் போனாளா, ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கிறாளா, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரை நல்லவராக்குங்கள், மாராத்தாளைக் கோபக்காரியாக்குங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறைக்குள் காளிச்சாமியை முட்டாளாக்கிவிடாதீர்கள். அவர் முட்டாளாகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெண் இத்தனை வலியை அடக்கிக்கொண்டு இருந்தாள்.